பதினோராம் அறைத் தொலைபேசி

கைகள் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்த்து விட்டன. தளர்ந்திருந்த ஒன்றைக் கழற்றி, நுனியைச் சீவி, மறுபடி செருகின. விடுதியின் சலவை அறைச் சுவரில் இருந்த தொலைபேசி இணைப்புப் பெட்டிக்குள் பதிந்திருந்த கட்டளைகள் சின்னத் திரையில் வரிவரியாக வந்தன. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே போன கை நாற்பத்தேழாவது வரியில் நின்றது.

அந்த வரியை 2007-இல் பதித்ததும் இதே கைதான்.

வெர்லன் ஸ்ட்ரவுட் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வங்கிக்கும் விடுதிக்கும் தொலைபேசி இணைத்தவர். பழைய கையேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு தானாகக் கற்றவர். மேற்கு டெக்சஸில் எண்ணெய் கொழித்த அந்த வருடம், இந்த விடுதி நிறைய எண்ணெய்க் கிணற்று ஆட்கள். அறையிலிருந்து வெளியூருக்குப் பேச முதலில் 9, பிறகு 1, பிறகு ஊர் எண். களைத்துப்போன விரல் அந்த 1-ஐ இரண்டு தடவை அழுத்திவிடும். அது அவசர உதவி எண்ணான 911 ஆகி, ஷெரிஃபின் போலீஸ் ஆள் வாசலில் வந்து நிற்பான். ஒரே மாதத்தில் நான்கு முறை. விடுதிக்காரர் ராய்ஸ் வந்து கேட்டார். 911 நேராகப் போகாதபடி வெர்லன் தடை போட்டார். அவசரத்துக்கு 9 அழுத்திவிட்டு 911 அழுத்தவும் என்று ஒவ்வொரு தொலைபேசியிலும் சீட்டு ஒட்டினார். சீட்டுகள் வெயிலில் வெளுத்து உதிர்ந்தன.

ராய்ஸின் மனைவி நடீன் ஐஸ் டீயுடன் வந்து நின்றாள்.

“ஒரு வரிய அழிக்க அரை நாளா, வெர்லன்? ராய்ஸ் இருந்திருந்தா உன்ன இந்தத் துணி டிரையர்ல போட்டு ஒரு சுத்து சுத்தியிருப்பார்.”

“அவன் மூணு தடவ ரிப்பேர் பண்ணியும் இது சுத்தலயே.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

“செப்டம்பர்லேருந்து இது சட்டமாம். 9 இல்லாம நேரா 911 போகணுமாம். மூணு நம்பர் அழுத்தத் தெரியாதவளுக்குச் சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்?”

அவள் சொன்னது ஒஃபேலியாவை. மூன்று வருடத்துக்கு முன் பதினோராம் அறையில் குழாய் அடைப்பு எடுக்கும்போது ராய்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அறை துடைத்துக்கொண்டிருந்த ஒஃபேலியா 911 அழுத்தினாள். மறுமுனையில் மணியே அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். கடைசியில் அலுவலகத்துக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பதற்றத்தில் தப்பாக அழுத்தினாள் என்றாள் நடீன். ஊரும் அப்படியே சொன்னது. இருபது வருட வேலையை விட்டு ஒஃபேலியா பள்ளிச் சமையலறைக்குப் போனாள். தேவாலயத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம்.

வெர்லன் அன்றைக்கே புரிந்துகொண்டார். சவ அடக்கத்தில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை, அல்லது வாய்க்க விடவில்லை. இன்றும் ‘சட்டப்படி மாற்றப்பட்டது’ என்று வேலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

நாற்பத்தேழாவது வரியை அழித்தார். சோதனை அழைப்பு வரும் என்று அவசர மையத்தின் சாதாரண எண்ணுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பதினோராம் அறைக்குப் போய் மூன்றே மூன்று எண்களை அழுத்தினார். மணி அடித்தது.

“911. என்ன அவசரம்?”

“அவசரம் இல்ல மேடம், சோதனைதான். அங்க எந்த இடம்னு காட்டுது?”

விடுதியின் விலாசத்தை அந்தப் பெண் வாசித்தாள். “பதினோராம் ரூம். சரியா சார்?”

“சரி மேடம்.”

நடீன் அலுவலகத்திலிருந்து நடந்து வந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

“மேசைல மணி அடிச்சுது. பதினொண்ணாம் ரூம்லேருந்து 911-னு காட்டுது.” தொலைபேசியையே பார்த்தாள். “இப்ப நேரா போகுது. அப்ப இதுக்கு முன்னாடி?”

வெர்லன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வேலைச் சீட்டை முழங்காலில் வைத்து எழுதினார். அவர் எழுத்து எப்போதும் மெதுவானது.

‘2007: ராய்ஸ் கேட்டதன் பேரில் 911 நேர் அழைப்புக்குத் தடை போட்டது நான். 2013-இல் இந்த அறையிலிருந்து 911 அழுத்தியவர் சரியாகத்தான் அழுத்தினார். போகவிடாதது என் தடை. இன்று நீக்கினேன். சோதித்தேன்.’

கையெழுத்துப் போட்டு, நகல் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, அசல் சீட்டை வாசற்படி தாண்டி அவளிடம் நீட்டினார். நடீன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதை வாங்கினாள்.