ரத்னபாய் வீட்டு ராட்டினம்

ரத்னபாய்க்குக் கோபம் லேசில் வராது. வந்துவிட்டால் லேசில் போகவும் செய்யாது. பாறசாலை, செங்கல் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவே, ரோட்டோரத்து ஓட்டு வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஊர்ப் பெண்களுக்கு ஜம்பர் தைப்பதோடு குடைக்கடைக்காரருக்குக் குடைத்துணி தைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. கணவன் எலியா மாட்டுவண்டி ஓட்டினான். ஒரே மகள் விமலகுமாரி.

ஐம்பத்திநாலாம் வருஷம் ஆவணியில் விமலாவுக்கு எட்டு வயது நிறைந்தது. திருவனந்தபுரத்தில் ஓணத்தை ஒட்டி ஒரு பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம் உண்டு, முகத்தைக் கோணலாகக் காட்டும் கண்ணாடி உண்டு, யானை மேல் ஏற்றிச் சுற்றி வருவார்கள் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் பேச்சு. பிறந்தநாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்று ரத்னபாய் வாக்குக் கொடுத்திருந்தாள்.

“காலம் சரியில்லே பாத்துக்க. பிறகு ஒருநாள் போலாமே” என்றான் எலியா.

அவன் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் உச்சத்தில் இருந்தது. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு.

“பிறந்தநாளு பிறகு ஒருநாள் வருமா? நாங்க ரெண்டு பேருதானே போறோம், அஞ்சு பேரில்லையே” என்றாள் ரத்னபாய்.

காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். விமலா புது மஞ்சள் பிராக்கு போட்டிருந்தாள். நெய்யாற்றின்கரை போய்ச் சேருமுன் வழியில் போலீஸ்காரர்கள் மூங்கில் கழியைக் குறுக்கே போட்டுப் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒருவர் உள்ளே ஏறி ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்.

“எவிடேக்கா?”

ரத்னபாய் வாயைத் திறக்குமுன் விமலா முந்திக்கொண்டாள். “ராட்டினத்தில ஏறப் போறோம். எனக்குப் பொறந்தநாளாக்கும்.”

தமிழைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. காலடியில் இருந்த பையைத் தூக்கிக் கவிழ்த்தார். சோற்றுப் பொதியோடு, குடைக்கடையில் கொடுக்கவேண்டிய கறுப்புத் துணிக்கட்டும் விழுந்தது.

“இது எந்தா? கரிங்கொடியா?”

“குடைத்துணி சாரே. தைச்சதைப் பாருங்க, எட்டுக் கண்டமாட்டு வெட்டியிருக்கு. கொடியை யாராவது வட்டமாத் தைப்பாங்களா?”

அவர் பார்க்கவில்லை. இருவரையும் இறக்கிவிட்டார். பஸ் போய்விட்டது. அதிகாரி வந்து கறுப்புத் துணியைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்று ஓலைக்கொட்டகை ஓரத்தில் நிற்க வைத்தார்கள். அதிகாரி வரவில்லை. விமலாவுக்குத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. சோற்றுப் பொதியை ஒரு போலீஸ்காரர் கம்பால் குத்திக் கிளறிப் பார்த்தார். பிறகு அதைப் பிள்ளைக்கு ஊட்ட ரத்னபாய்க்கு மனம் வரவில்லை. வெயில் சாய்ந்தபின், துணியை மட்டும் வைத்துக்கொண்டு, “பொய்க்கோ” என்று விரட்டிவிட்டார்கள்.

வீடு வரைக்கும் விமலா அழவில்லை. வாசலில் வந்துதான் கேட்டாள்: “அம்மா, நான் பேசினதுதான் தப்பா?”

அந்தக் கேள்விதான் ரத்னபாயைச் சுட்டது. நிறுத்தியதைக்கூடப் பொறுத்திருப்பாள். எட்டு வயசுப் பிள்ளை தன் வாயில் வந்த பேச்சைத் தப்பென்று நினைப்பதா?

“நீ பேசினது தப்பில்லே மக்கா. வாற சனியாழ்ச்ச உன் பொருட்காட்சி இங்கே நடக்கும்” என்றாள்.

எலியா முதலில் முனகினான். பிறகு அவனே மும்முரமாகிவிட்டான். வண்டியின் பழைய அச்சை முற்றத்தில் ஆழமாக ஊன்றி, அதன்மேல் சக்கரத்தைப் படுக்கவைத்து, மசகு தடவினான். நாலு பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒருவர் தள்ளிச் சுற்றலாம். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து வளைத்ததும், பார்த்தவர் முகமெல்லாம் புடலங்காயாக நீண்டது. வெள்ளைக் காளைக்கு இரண்டு முறத்தைக் காதாகக் கட்டி, சாக்கில் வைக்கோல் திணித்துத் துதிக்கை தொங்கவிட்டார்கள். காளை நிம்மதியாகத் தன் துதிக்கையைத் தின்னத் தொடங்கிற்று. வாசல் படலையில் ரத்னபாய் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினாள்: ‘விமலா பொருட்காட்சி. எல்லோரும் வாருங்கள்.’

சனிக்கிழமை இருபது பிள்ளைகள் வந்தார்கள். சத்தம் ரோடு வரை கேட்டது. அந்த வழியாகச் சைக்கிளில் வந்த சோமன் போலீஸ் படலையைப் படித்துவிட்டு இறங்கினார். அவருக்கும் தமிழ் தெரியும், பக்கத்து ஊரான திருப்புறத்துக்காரர்.

“அக்கா, கூட்டம் போடக்கூடாதுண்ணு ஆர்டர் உண்டு. மேலே எழுதிக் கொடுக்காட்டா எனக்கு வேலை போகும்.”

“எழுதும். இருபது பேரு. தலைவி விமலகுமாரி, வயசு எட்டு. விட்டுப்போகாம எழுதும்.”

அவர் எழுதினார். மெய்யாகவே வழக்கு வந்தது. எலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ரத்னபாயோ சலவைச் சேலை உடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

மாஜிஸ்திரேட் காகிதத்தைப் புரட்டிவிட்டுச் சோமனிடம் மலையாளத்தில் கேட்டார்: கூட்டத்தில் என்ன கோஷம் போட்டார்கள்?

சோமன் நேர்மையான மனிதர். தலையைச் சொறிந்தார். “‘இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்து’ண்ணு விளிச்சு சார்.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டு வழக்கைத் தள்ளினார். ரத்னபாய் கூண்டை விட்டு இறங்கவில்லை.

“இதில சிரிக்க என்ன இருக்கு சாரே? குடைத்துணியைக் கொடியிண்ணு சொல்லி என் பிள்ளையை வெயிலில நிறுத்தினாங்க. துணி இன்னும் வரல்லே. பேசினது தப்பாண்ணு பிள்ளை கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?”

சிரிப்பு நின்றது. அதற்குத் தனியாக மனுக் கொடுக்கவேண்டும் என்றார் மாஜிஸ்திரேட், குரலைத் தாழ்த்தி.

அன்றைக்கே போலீஸ் மேலதிகாரிக்குத் தமிழில் மனு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். மூன்றாவது மனு திரும்பி வந்தது, மலையாளத்தில் எழுதித் தரவும் என்ற குறிப்போடு.

“நான் மலையாளத்தில எழுதித் தாறேன் அம்மா” என்றாள் விமலா.

“எனக்கு எழுதத் தெரியாதா மக்கா? பஸ்ஸில இருந்து எறக்கும்ப உன் தமிழ் அவங்களுக்கு நல்லாத்தானே வெளங்கிச்சு? இதுவும் வெளங்கட்டும்.”

நாலாவது மனுவையும் தமிழிலேயே எழுதி, மகளையும் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி, மழையில் நனையாமல் மடியில் செருகிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தாள்.