பாண்டி வண்டியின் நிறம்

"...அரக்குன்னா அது அரக்கு, அண்ணே. பத்து நாள் தூசி படிஞ்சாலும் அழுக்கு தெரியாது. இப்ப அடிச்சிருக்கானே ஒரு கலரு, இத எவன் எடுத்துட்டுப் போவான்? கடையில வச்சா ஆடித் தள்ளுபடியிலகூட நிக்கும்" என்றார் பாய்.

விழுப்புரம் ஜங்ஷனில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பாண்டி வண்டிக்குக் காத்திருந்தோம். மாலை நாலு மணி இருக்கும். எனக்கு முழங்கால் வலி. பாய்க்கு ரயிலுக்கு அடிக்கிற பெயிண்ட்டின் மேல் கோபம்.

பாய் பாண்டி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. ஜவுளிக்கடைக்காரர். கடையை இப்போது மகன் பார்த்தாலும் கல்லா பக்கத்து ஸ்டூல் இவருடையதுதான். உலகத்தில் எந்த நிறத்தையும் அவர் துணியாகத்தான் பார்ப்பார். பழைய ரயில் அரக்கு. அதற்கப்புறம் வந்த நீலம், பள்ளிக்கூடத்துப் பாவாடை. சிவப்பும் சாம்பலுமாக வருகிற பெட்டிகளைப் பார்த்தால், ஜாக்கெட்டை ஒரு கடையிலும் புடவையை ஒரு கடையிலும் எடுத்த மாதிரி இருக்கிறது என்பார். வெள்ளையாக வருகிற புது வேக வண்டி மாப்பிள்ளை வேட்டியாம், மறுநாளே வெளுக்கப் போடணுமாம். கனகாம்பர நிறத்தில் ஒன்று வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது தீவாளிக்கு ஓடும், ரம்ஜானுக்கு ஓடாது" என்றார்.

எனக்கு ரயில் நிறத்தில் பெரிய அபிப்பிராயமெல்லாம் இல்லை. சின்ன வயதில் அந்த அரக்குப் பெட்டியில் சாய்ந்து நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால், சட்டை முதுகைத் தேய்த்துத் தேய்த்து அம்மா ரயில்காரனைத் திட்டுவாள். இப்போது எந்த நிறத்தில் வந்தாலும் உட்கார இடம் இருந்தால் போதும். ஆனால் பாய் சொல்வதைக் கேட்கப் பிடிக்கும். கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன், போன மாதம் வரைக்கும்.

பாயின் மகள் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் காலையில் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு, தனியாக ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வாரம் பூராவும் அவர் காத்திருப்பது அதற்குத்தான். போன மாதம் திரும்பும்போது அவர் ஏறிய வண்டி பாண்டிக்கு வரவில்லை, கடலூருக்குப் போய்விட்டது. அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். மகன் கேட்டதற்கு, எல்லா வண்டிக்கும் ஒரே பெயிண்ட்டை அடித்து வைத்தால் மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று சத்தம் போட்டார்.

போர்டு இருக்கிறதே என்றான் மகன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரை கண் நரம்பில் இறங்கிவிட்டதாம், ஆபரேஷனுக்கு வழியில்லையாம். டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, வீட்டில் மூச்சு விடவில்லை. எழுத்து தெரியாது, முகம் மங்கல். நிறம் மட்டும் திட்டுத்திட்டாகத் தெரியும். கடையில் துணியை விரலால் தடவியே ரகம் சொல்லிவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரயிலையும் நிறத்தை வைத்தே பிடித்திருக்கிறார். ரயில்காரன் வேறு நிறப் பெட்டியை மாற்றிப் போட்ட அன்றைக்கு மாட்டிக்கொண்டார்.

யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார். துண்டுத் துணியைக் கொண்டுவந்து, இதற்கு எந்தக் கலர் பொருந்தும் பாய் என்று ஊர் அவரைத்தான் கேட்டிருக்கிறது. அவர் சொல்கிறவர். கடைக்காரன் தடுமாறினால் வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார் என்று மகனுக்கே பாடம் சொல்லியிருக்கிறார்.

மகன் என்னிடம் வந்தான். "பெரியப்பா, ஒரே ஒரு ஞாயித்துக்கெழம கூடப் போயிட்டு வாங்க. வாயத் தொறக்காதீங்க. அவரா சரியான வண்டியில ஏறிட்டாருன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லன்னா இனிமே தனியா போறது கெடையாது."

இந்த வயதில் சிநேகிதனுக்குப் பரீட்சை வைக்கிற வேலை. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் பாண்டி ஸ்டேஷன் வாசலில் என் குரலைக் கேட்டதுமே பாய் புரிந்துகொண்டார். "வேவு பாக்க வந்துட்டீங்களா? வாங்க, டிக்கெட் எடுத்தாச்சு" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது விழுப்புரத்தில் எங்கள் நடைமேடையின் இரண்டு பக்கத்திலும் வண்டி வந்து நின்றது. ஒன்று பாண்டிக்கு, இன்னொன்று கடலூர் வழியாக மாயவரத்துக்கு. இரண்டும் ஒரே நீலம். ஒலிபெருக்கியில் எது எங்கே போகிறது என்று சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு வண்டி தடதடவென்று கடந்துபோய் அதை விழுங்கிவிட்டது. எனக்கு போர்டு தெரிந்தது. குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

பாய் எழுந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பீஸ்ல வெட்டுனது, அண்ணே."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மகனிடம் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, "பாய், இங்க வாங்க..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு ஜன்னலில் மஞ்சளாகத் தெரிந்த புடவைப் பக்கமாக நடந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம், "யம்மா, எனக்குக் கண்ணு தெரியாது. இது பாண்டிக்குப் போற வண்டிங்களா?" என்று கேட்டார்.