ஆரஞ்சுப் பந்தும் பள்ளிப் பேருந்தும்

மங்வொன் சந்தையில் பலர் போட்டி போட்ட மூலைக்கடை. வானொலிக்கு அனுப்பிய தபாலட்டையில் பரிசாக விழுந்த குளிர்பெட்டி. டாக்டர்கள் கைவிரித்த பிறகு பிறந்த மகள் போரம். கடைசியாக, மலையடிவாரத்துத் தனியார் தொடக்கப்பள்ளியின் சேர்க்கைக் குலுக்கலில் ஒரு ஆரஞ்சுப் பந்து. ஓ கும்ரே இவ்வளவும் வென்றவள். இவற்றில் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

குலுக்கலன்று பள்ளி அரங்கில் நிற்க இடமில்லை. பெட்டிக்குள் கைவிட்டு வெள்ளைப் பந்து எடுத்த அம்மாக்கள் மேடையிலேயே அழுதார்கள். கும்ரேயோ ஜாடியில் ஊறிய முள்ளங்கியைத் தேடுகிறவள் போல அடிவரை துழாவி எடுத்தாள். ஆரஞ்சு. கீழே நின்ற அக்கா மல்ரே போட்ட கூச்சலில் அரங்கமே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் அவர்களின் தொடுகறிக் கடைமுன் கூட்டம்.

"போரம் அம்மா, இனிமே எங்ககூடல்லாம் பேசுவியா?" என்றாள் எதிர்க்கடை மீன்காரி.

"பேசுவேன். மீனுக்குத்தான் காசு தரமாட்டேன்."

பள்ளிக் கட்டணம் கடை வாடகையைத் தாண்டியது. அதற்குமேல் வயலின், நீச்சல், பனிச்சறுக்கு. கடையில் பாதியை வேறொருவருக்கு விட்டுவிட்டால் சமாளிக்கலாம் என்றான் அவள் கணவன் சங்தே. கும்ரே தலையாட்டினாள். ஆனாலும் கிம்ச்சி ஊறுகாயைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களிடம் பிழைப்பவள் அவள்.

"ருசி பாக்காம எப்படிக்கா வாங்குறது?"

"பள்ளிக்கூடத்துல எங்கடி கிள்ளுவ?"

அவள் கிள்ளியது பள்ளிப் பேருந்தில். அதன் ஓட்டுநர் அவளிடம் நெத்திலி வறுவல் வாங்குகிறவர். ஒரு நாள் பள்ளியைச் சுற்றிப் பார்த்தாள். பிள்ளைகள் கிளம்பும்போது அவர் தயவில் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். இருட்டும் நேரத்தில் கடைக்கு வந்தவளை மல்ரே விடவில்லை.

"என்னடி, எப்படி இருக்கு?"

"அருமைக்கா. குழாய்ல வெந்நீர் வருது. டீச்சரம்மா குத்தவெச்சு, பிள்ளைங்க முகத்தைப் பாத்துப் பேசுறாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பஸ் ஊரெல்லாம் சுத்துதுக்கா. ரெண்டு பிள்ளைங்க சேர்ந்து எங்கயுமே இறங்கல. ஒண்ணு ஒண்ணா இறங்குது, கார்ல ஏறுது, போயிடுது. நம்ம தெரு வந்தப்ப நானும் டிரைவரும்தான்."

இதெல்லாம் ஒரு காரணமா என்று மல்ரேக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த நாள் பக்கத்து அரசுப்பள்ளி வாசலில் போய் நின்றாள் கும்ரே. வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள், சுவரில் விரிசல், குழாயில் பனித்தண்ணீர். மணி அடித்ததும் அவளது சந்தைச் சந்துப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வந்தார்கள். கணவாய் மீனுக்கு எத்தனை இதயம் என்று சண்டை. சண்டை முடிகிற இடம்வரை பின்னாலேயே நடந்தாள். சந்துமுனையில் மீன்காரியிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

அன்று இரவு அவள் முடிவைச் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த சங்தே கரண்டியைக் கீழே போட்டான்.

"ஊரே அந்தப் பந்துக்கு அழுவுது, நீ தூக்கி எறியிறியா? நாளைக்கு அவ வளர்ந்து கேட்டா?"

"'உங்கம்மாதான் வேணாம்னா'ன்னு அவகிட்ட சொல்லுங்க. திட்டு எனக்கே வரட்டும்."

விடிந்ததும் அவன் தேஜோன் நகரத்துக்கு லாரி எடுத்துப் போனான். கையெழுத்துக்குப் பதிலாகத் தாளில் குத்தும் குடும்பத்து முத்திரையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அது இல்லாமல் எந்தத் தாளும் செல்லாது என்பது அவள் எண்ணம். கடை, வங்கி, வீடு எல்லாம் அந்த முத்திரையில்தான் ஓடின. கும்ரே தன் பெயரை எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறாள், கையெழுத்தாக ஒருமுறையும் போட்டதில்லை.

இருந்தும் இடம் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க அக்காவைக் கூட்டிக்கொண்டு தனியார் பள்ளி அலுவலகம் போனாள்.

"முத்திரைம்மா?" என்றார் எழுத்தர்.

"தேஜோன் போயிருக்கு. சாயந்தரம்தான் வரும்."

எழுத்தர் சிரித்துவிட்டார். "கையெழுத்துப் போட்டாலும் செல்லும். நல்லா யோசிச்சுக்கங்க, இடத்தை விட்டா விட்டதுதான்."

மல்ரே தங்கையின் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். அவள் செய்வது சரியா, தப்பா? அவள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் மிஞ்சியது. கும்ரே பேனாவை வாங்கி, அவசரமில்லாமல், கோட்டுக்கு வெளியே போகாமல் தன் பெயரை எழுதினாள். அது 1994 டிசம்பர் 14, புதன்கிழமை.