இரண்டு டப்பா, ஒரு வயிறு

மைக்ரோபயாலஜி முதலாண்டில் எனக்கும் என் பெஞ்சுத் தோழிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றும்போது அவள் ஆல்கஹாலை ஊற்றிக்கொண்டே இருப்பாள். ஊதாவாக நிற்க வேண்டியது வெளுத்துப் போய் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதனால் அவள் ஸ்லைடையும் நானே செய்து கொடுப்பேன். பதிலுக்கு அவள் எனக்குச் செய்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

ஒட்டுண்ணிப் பாடம் வந்ததும், அவரவர் மலத்தை ஒரு டப்பாவில் கொண்டுவரச் சொன்னார் மேடம். மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ஷேர் ஆட்டோவில், முட்டியோடு முட்டி இடிக்க, அதை மடியில் வைத்துக்கொண்டு வர என் மானம் இடம் கொடுக்கவில்லை. கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் அவளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"விடுடி, என்னோடதுலயே பாதி தர்றேன்" என்றாள். தந்தாள். நான் என் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டேன்.

பொறுமை இல்லாத அவள், தன் ஸ்லைடில் ஒன்றுமில்லை என்று ரெக்கார்டில் எழுதி முடித்துவிட்டாள். நான் அயோடின் விட்டுப் பார்த்தால், முட்டை வடிவில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, புத்தகத்தில் இருக்கும் படம் மாதிரியே. ஆர்வக்கோளாறில் மேடத்தைக் கூப்பிட்டுவிட்டேன். வகுப்பே வரிசையில் நின்று பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வயித்து வலி இருக்காம்மா?" என்று கேட்டார் மேடம்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாக வயிறு வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவள் அவள். பரீட்சை பயம் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவள் நான். உண்மையைச் சொன்னால் இருவருக்கும் மார்க் போகும். சொல்லாவிட்டால் மருந்து எனக்கு, நோய் அவளுக்கு.

மேடத்தின் முதுகுக்குப் பின்னால் அவள் தலையாட்டினாள்.

"இருக்கு மேம்."

"எத்தனை நாளா?"

அவள் இரண்டு விரல் காட்டினாள். "ரெண்டு நாளா மேம்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இல்ல மேம், ரெண்டு மாசமா."

"சாப்பிட்டதும் வயிறு உப்புதா?"

அவள் வயிற்றைத் தடவிக் காட்டினாள். "பயங்கரமா உப்புது மேம்."

"வெயிட் குறைஞ்சிருக்கா?"

அவள் தலை வேகமாக ஆடியது. "ரொம்ப குறைஞ்சிட்டேன் மேம்."

மேடம் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என் லேப் கோட்டில் நடுப் பித்தான் இரண்டையும் பூட்டவே முடியாது. பிறகு மெதுவாகத் திரும்பினார். அவள் தலை ஆட்டத்தை நிறுத்துவதற்குள் பார்த்துவிட்டார். அவளுடைய கோட் தோளில் நிற்காமல் சரிந்து கிடந்தது.

டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதி, அதை அவள் கையில் கொடுத்தார். "இன்னைக்கே போ." பிறகு எங்கள் இருவர் ரெக்கார்டிலும் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "நாளைக்கு நீ உன்னோடத கொண்டா" என்றார் என்னிடம்.

மார்க் போனதில் வருத்தமில்லை என்றால் பொய். அதைவிட, எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இரண்டு மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் அவள் இளைத்தது என் கண்ணில் படவில்லை. மேடத்துக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.