மந்திரித்த மல்லி மூட்டை

“...மருந்துன்னா மூக்குல ஏறணும் தம்பி, ரெண்டு நாளைக்கு வாசம் நிக்கணும். நீங்க என்னான்னா ஸ்கூல் பிள்ளை மாதிரி அட்டை ஒட்டிட்டு இருக்கீங்க. இதுக்கா லா உங்கள கூப்பிட்டேன்?”

பாயா ரும்புட்டில் மசாலா மில் நடத்தும் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலுக்கு அவர் அனுப்பிய மல்லித்தூள் பாக்கெட் திரும்பி வந்திருந்தது. உள்ளே எள்ளளவு பழுப்பு வண்டு. மூன்று வாரத்தில் ஹோட்டல் ஆள் மில்லைப் பார்க்க வருவார். அன்று ஒரு வண்டு கண்ணில் பட்டாலும் ஆர்டர் கிடையாது. அக்கா அரைப்பதில் பாதி அந்த ஹோட்டலுக்குத்தான் போனது. அது போனால் அங்கே வேலை செய்யும் ஆறு பெண்களில் மூன்று பேருக்கு வேலை இருக்காது.

பூச்சி ஒழிப்பது என் தொழில். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். மிச்சப் படிப்பெல்லாம் மருந்துப் புட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில். அதற்கு முன் எஸ்டேட்டில் முதுகில் மருந்துத் தோங் சுமந்து புல்லுக்கு அடித்தவன். அங்கே எலி பிடிப்பதற்காகச் செம்பனைகளுக்கு நடுவே ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்கிற நம் ஆட்கள், “நமக்கு லயத்து வீடு, ஆந்தைக்கு பங்களாவா?” என்று சிரிப்பார்கள். சிரிக்கச் சிரிக்க எலி குறைந்தது. மருந்தைக் கடைசியில்தான் தொடவேண்டும் என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

“அக்கா, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாதுன்னு சொல்லுவாங்க. இப்ப மருந்தடிச்சா கண்ணுக்குத் தெரியறதுதான் சாகும். அது எங்க குடும்பம் நடத்துதுன்னு மொதல்ல பார்ப்போம். ஒரு வாரம் குடுங்க.”

“ஒரு வாரம்தான்.”

ஆண் வண்டை இழுக்கும் வாசனை வைத்த பன்னிரண்டு பசை அட்டைகள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி, மில்லின் ஒவ்வொரு மூலையிலும் ஒட்டினேன். எந்த அட்டையில் கூட்டம் அதிகமோ, வண்டின் வீடு அதற்குப் பக்கத்தில். எல்லோருக்கும் சந்தேகம் ஸ்டோர் மீதுதான். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் நான் அட்டைகளைப் பார்த்து முடிப்பதற்குள் பாக்கெட் ஒட்டுகிற பெண் குரல் கொடுத்தாள். “அண்ணே, இன்னிக்கி எந்த நம்பர் அடிச்சிச்சி? சொன்னீங்கன்னா நாங்களும் லாட்டரி எடுப்போம் லா.”

“ஏழு.”

ஸ்டோர் அட்டையில் இரண்டே வண்டு. ஏழாம் அட்டையில் எண்ணவே முடியவில்லை. அது அக்காவின் ஆபீஸ்.

“ஆபீஸ்ல திங்கிறதுக்கு என்னா இருக்கு? பில் புக்கா?” என்றபடி அக்கா பின்னாலேயே வந்தார்.

சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். அதன் கீழே லேஸ் துணி விரித்த உயரம் குறைந்த மேடை, மேலே மெழுகுவர்த்தி. துணியின் ஓரத்தைத் தூக்கினேன். அது மேடை அல்ல, தையல் பிரியாத ஒரு மல்லி மூட்டை.

“தொடாதீங்க!” அக்கா என் கையைத் தட்டிவிட்டார். மில் திறந்த அன்று பாதிரியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த முதல் மூட்டையாம். ஒன்பது வருடமாக அதை அவர் பிரிக்கவே இல்லை. “இது இருக்கிறதாலதான் மில்லு ஓடுது தம்பி. வேற எதையாச்சும் பாருங்க.”

மூட்டைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, சாக்கை இரண்டு தட்டுத் தட்டினேன். தாள் முழுக்கப் பழுப்புத் தூள். தூள் நடக்கத் தொடங்கியது.

“அக்கா, பாதிரியார் மந்திரிச்சது மல்லிய. வண்டுக்கு அது தெரியாதுல்ல?”

வாசலில் நின்ற பாக்கெட் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, அக்கா திரும்பிப் பார்த்ததும் ஓடிப்போனாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆபீஸிலிருந்து பாக்கெட் போடும் அறைக்கு ஒயர் போகும் ஓட்டையைக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இன்னிக்கே வெளிய போகணும்க்கா.”

“போகட்டும். ஆனா குப்பைத்தொட்டில போட விட மாட்டேன். மந்திரிச்சத எரிக்கணும், இல்ல பொதைக்கணும். கோயிலுக்கே கொண்டுபோய் பாதிரியார்கிட்ட குடுக்கிறேன்.”

மூட்டையை இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, வாயை இறுக்கிக் கட்டினேன். ஓட்டையை அடைத்தேன். இடுக்குகளில் இருந்த தூளை மெஷின் வைத்து உறிஞ்சினோம். அரைத்து வைத்திருந்த தூளையெல்லாம் பெண்கள் மறுபடி சலித்தார்கள். மறுவாரம் ஏழாம் அட்டையில் நாலைந்து வண்டு. அதற்கடுத்த வாரம் ஒன்றும் இல்லை. ஹோட்டல் ஆள் வந்தார், டார்ச் அடித்து மேசைக்கடியில்கூடப் பார்த்தார், அட்டைகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார். ஆர்டர் தங்கியது, ஆறு பெண்களும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த மில்லில் நான் ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

மூட்டை வெளியே போன மத்தியானத்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. காரின் பின்பக்கத்தில் போடலாம் என்று நான் தூக்கினேன். “சாமி பொருள் பின்னாலயா?” என்று அக்கா முன்கதவைத் திறந்தார். சீட்டில் உட்காரவைத்தேன். அவர் காரைக் கிளப்பியதும் டிங் டிங் என்று கார் கத்த ஆரம்பித்தது, ஆள் பெல்ட் போடவில்லை என்று. அக்கா இறங்கினார். சுற்றி வந்து மூட்டையின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினார், குழந்தைக்குத் தட்டுவதுபோல அதை ஒரு தட்டுத் தட்டினார், பிறகு கோயிலை நோக்கி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.