கோலார் கண்காட்சிக்கு ஒரு சைக்கிள் சக்கரத்துடன்

இதைப் படித்துவிட்டு யாரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டீச்சரிடம் வேண்டாம், உங்கள் அம்மாவிடமும் வேண்டாம். அடுத்த வருடம் கோலார் அறிவியல் கண்காட்சிக்குப் போக நினைக்கும் பெண்களுக்காக மட்டும் எழுதுகிறேன். எங்களுக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. உங்களுக்காவது இருக்கட்டும்.

போய் வந்தது இன்றுதான், ஞாயிற்றுக்கிழமை. இந்த வருடம் கண்காட்சிக்குக் கொடுத்த தலைப்பு, மின்சாரம் உண்டாக்கவும் சேமித்து வைக்கவும் புதிய வழிகள். நோட்டீஸ் போர்டில் அதைப் பார்த்ததும் இது எனக்காகவே வைத்த தலைப்பு என்று தோன்றியது. தங்கச் சுரங்கத்து ஷாஃப்டுக்குப் போகும் கரண்டுக் கம்பி எங்கள் தொழிலாளர் லைனுக்கு மேலேதான் போகிறது. லைனில் ஒரு வீட்டுக்கும் கரண்டு கிடையாது. நான் சிமினி விளக்கில் படிக்கிறேன், இதையும் அதில்தான் எழுதுகிறேன்.

என் யோசனை இது. இரவு பத்து மணிக்குமேல் ஊர் தூங்கினாலும், சுரங்கத்துக்குக் கரண்டு வரும் சிவசமுத்திரத்தில் காவிரி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த நேரத்துக் கரண்டை வைத்து, கைவிட்ட ஒரு ஷாஃப்டில் பாறை ஏற்றிய கேஜை, அதாவது ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டை, மேலே இழுத்து நிறுத்திவிட வேண்டும். மறுநாள் சாயங்காலம் மெதுவாக இறங்க விட்டால் அது டைனமோவைச் சுழற்றும். பத்து டன் பாறை ஆயிரம் மீட்டர் இறங்கினால் இருபத்தேழு யூனிட். மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் பதினெட்டு மிஞ்சும். நாற்பது வாட் பல்பு ஒன்று ஐந்து மணி நேரம் எரிய, தொண்ணூறு வீட்டுக்குப் போதும். எங்கள் லைனில் அத்தனை வீடுகளே இல்லை.

டீச்சர் என் பெயரையும் ரீட்டாவின் பெயரையும் அனுப்பிவிட்டார். ரீட்டா என் வகுப்புத் தோழி. அவள் வீட்டில் தெரியும், என் வீட்டில் தெரியாது. "பங்காருப்பேட்ட தாண்டி ஒரு அடி வெச்சே, அத்தோட பள்ளிக்கூடம் நின்னுது" என்று அப்பா போன மாதமே சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். அக்காவை எட்டாவதோடு நிறுத்தியவர். அதனால் அம்மாவிடம் புத்த விகாரையைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாரிகுப்பத்தில் காலை ரயில். பங்காருப்பேட்டை பத்து மைல், டிக்கெட் நாற்பது பைசா. கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் நம் ஊர்க்காரர்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள், தலையைக் குனிந்துகொள்ளுங்கள். பங்காருப்பேட்டையில் இறங்கிக் கோலார் போகும் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். பதினோரு மைல்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆடி ஆடிப் போகும். எங்களிடம் இருந்தது ஒரு பழைய சைக்கிள் சக்கரம், டைனமோ, பல்பு, கேஜுக்காக இரண்டு பால் பவுடர் டப்பா. எடைக்குக் கல்லையும் சுமந்துபோனது முட்டாள்தனம். கோலாரில் கல்லுக்கா பஞ்சம்?

சக்கரத்தின் அச்சில் கயிறு சுற்றி, இரண்டு பக்கமும் டப்பாவைத் தொங்கவிட்டோம். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். நடுவர் ஒரு காலேஜ் லெக்சரர். அவர் வருவதைப் பார்த்ததும் ரீட்டா அவசரமாக இரண்டு டப்பாவிலும் கல்லைப் போட்டாள். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஷிஃப்ட் மாறும்போது இறங்கும் கேஜிலும் ஆள், ஏறும் கேஜிலும் ஆள். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்தது அதுதான். நம் லைனில் தீப்பெட்டியில் கேஜ் விளையாடும் பிள்ளைகள்கூட இரண்டையும் நிரப்பித்தான் விடுவார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எடை. சக்கரம் அசையவில்லை.

"யாவ ஊரும்மா?" என்றார் லெக்சரர்.

"கே.ஜி.எஃப். சார்."

"அதானே. இதுல கரண்டு வராது. ஊர்ல கெணறு இருந்தா தண்ணி எறைக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கரண்டு செலவழித்துத் தூக்கிக் கரண்டு எடுப்பதில் என்ன லாபம் என்று கேட்டார். லாபம் இல்லை சார், சேமிப்பு என்றேன். மூட்டை அரிசியில் எலி கொஞ்சம் தின்னும், அதற்காக யாரும் அரிசி வாங்கி வைக்காமல் இருப்பதில்லையே. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆயிரம் மீட்டர் இரும்புக் கயிறே பல டன் இருக்குமே, அதற்கு என்ன செய்வாய் என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அது கேள்வி. அவர் கேட்டது கேள்வியே இல்லை.

அவர் முதுகு திரும்பியதும் ஒரு டப்பாவைக் காலி செய்தேன். சக்கரம் சுற்றியது. பல்பு நான்கைந்து நொடி எரிந்தது. பார்த்தது நானும் ரீட்டாவும் ஒரு சுண்டல்காரரும்.

முதல் பரிசு ஓர் அட்டை அணுமின் நிலையத்துக்கு. ஏழு பல்பு ஜொலித்தது. ரீட்டா பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே டார்ச் லைட் செல். கடையில் வாங்கிய செல்லை அட்டைக்குள் ஒளித்தால் அது புதிய வழி, எங்கள் கல் தானாக இறங்கிப் பல்பை எரிய வைத்தால் அது கிணறு. அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

திரும்பும்போது பங்காருப்பேட்டையில் பெருமாள் மாமா எதிரில் வந்து உட்கார்ந்தார். அப்பாவோடு அதே ஷாஃப்டில் வேலை செய்பவர்.

"இன்னாம்மா, வீல தூக்கினு எங்கிருந்து வர்றீங்கோ?"

"சைக்கிளு ரிப்பேரு மாமா" என்றாள் ரீட்டா.

"சைக்கிளு எங்க?"

"வூட்ல."

"அப்போ வீலு மட்டும் தனியா ஊர் சுத்திப் பாத்துட்டு வருதா?" சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

நான் சக்கரத்தை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அவருக்கு இன்று நைட் ஷிஃப்ட். அப்பாவுக்கு இரண்டாவது ஷிஃப்ட். அப்பா ஏறி வரும் கேஜுக்காக அவர் மேலே காத்து நிற்பார். ஷிஃப்ட் முடிந்த சங்கு இப்போதுதான் ஊதியது.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கல்லை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். கயிற்று எடைக்கு ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டு போங்கள். மதியச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், அங்கே ஓட்டலில் பெண்கள் உட்கார இடமில்லை. முடிந்தால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். என்னால் முடியவில்லை.

விகாரைக் கதையை மறுபடி சொல்ல மாட்டேன். போனேன் என்றுதான் சொல்லப் போகிறேன். பள்ளிக்கூடம் நின்றது என்று அப்பா சொன்னால், ஒன்றே ஒன்று கேட்பேன். தலைக்கு மேல் போகிற கரண்டு தினமும் உங்களை அத்தனை ஆழத்துக்கு இறக்கி ஏற்றுகிறதே அப்பா, அது நம் வீட்டுக்குள் ஒரு பல்பு அளவுகூட வர முடியாதா என்று கேட்கத்தானே போனேன், அதில் என்ன

அப்பா கதவைத் தட்டுகிறார். விளக்கை அணைக்கப் போவதில்லை