முன்வாசலில் நின்ற இருவர்

பஸ் அக்காவுக்கு பஸ் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. பஸ்ஸில் ஏறி மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிடும். அப்படிப்பட்டவரை நம்பித்தான் முப்பத்தாறு பஸ்களையும், பதினெட்டு நாடுகளிலிருந்து வந்த ஆயிரத்துச் சொச்சம் பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்படைத்தார்கள். விளையாட்டுப் போட்டி நடந்த அந்த எட்டு நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உதிரவே இல்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று சும்மா இருந்துவிடுவார்.

அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள். ஒருவரும் முகம் சுளிக்காமல் பாடவேளை பிரித்துக் கொடுப்பது சாதாரண வேலையில்லை. அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான் விளையாட்டு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். தற்காலிகம் என்றார்கள். எட்டு வருடமாக அதே தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் "அடுத்த மாசம் நிரந்தரம் பண்ணிடலாம்மா" என்று செயலாளர் சொல்வார். அக்காவும் வீட்டில் போய் அப்படியே சொல்வார். அவர் கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார், கொஞ்சம் வாய்த்துடுக்கு. "எந்த மாசம்னு கேட்டியா? காலண்டர்ல இருக்கற மாசந்தானே?" என்பார்.

நான் ரூம் ஒதுக்கும் ஆள். போட்டிக்கு வரும் அணிகளை விடுதியில் எந்த மாடியில், எந்த அறையில் படுக்க வைப்பது என்பது என் பாடு. மைதானத்து அலுவலகத்தில் எங்கள் இருவர் மேசையையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் இரண்டு டீ டம்ளர் வைக்க இடம் இருக்கும், அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பின்னாலிருந்த சுவர் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். நீச்சல் நீலப் பென்சில், ஓட்டம் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "நீங்க அதை நம்புங்க, நான் செவுத்தை நம்பிக்கறேன்" என்பார். ஒரு பஸ் தவறியதில்லை. ஆறு நாள், ஒன்றுகூடத் தவறவில்லை.

இரண்டு பேர், மூன்று பேர் மட்டும் வந்த குட்டி அணிகளைப் பக்கத்து அறைப் பெரிய அணியோடு கோர்த்துவிடுவது எங்கள் ஏற்பாடு. பெரிய அணியின் தலைவருக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும், குட்டி அணிக்கும் அவரே சொல்லிவிடுவார். அந்தப் பெரிய அணி ஊருக்குக் கிளம்பினால் அறை காலியானது என்று நான் ஒரு காலிச் சீட்டு எழுதி அக்காவிடம் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து அவர் பட்டியலில் அந்தத் தலைவரின் எண்ணை அடித்து நீக்கிவிட்டு, குட்டி அணிக்கு நேரடியாகச் சொல்லத் தொடங்குவார். ஒரு சீட்டு, நான்கு வரி. ஒரு நிமிட வேலை.

அப்படிக் கோர்க்கப்பட்ட அணிகளில் ஒன்றில் இரண்டே பேர். ஒரு பெண், அவளுடைய கோச். பதினைந்து வயதிருக்கும். எண்ணூறு மீட்டர் ஓட வந்திருந்தாள். முதல் நாள் விடுதி வாசலில் நின்ற பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். "ஏய், ஓடாதே! விழுந்து தொலைக்கப் போறே!" என்று அக்கா கத்தினார். கோச் வந்து, அவள் வந்ததே ஓடுவதற்குத்தான் என்று விளக்கினார். அக்கா சிரித்த சிரிப்பில் டிரைவர் இறங்கி வந்துவிட்டார். கோச்சுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு அரைகுறை மொழி இருந்தது. அதை அப்படியே எழுதினால் யாருக்கும் புரியாது, நம் பேச்சிலேயே எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு அதுவும் தெரியாது. தினமும் பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டுவாள். இரண்டு பேரும் ஏறிவிட்டோம் என்று கணக்கு. அக்காவும் இரண்டு விரலைக் காட்டிவிட்டுத் தாளில் குறித்துக்கொள்வார்.

ஆறாம் நாள் மாலை, மறுநாள் நடைப்போட்டிக்காக விடுதியின் முன் சாலையை மூடப்போவதாகப் போலீஸிலிருந்து தகவல் வந்தது. அக்கா கால் மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டேகால் பஸ்ஸை ஏழரைக்கு மாற்றினார், முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு. ஐந்து மணிக்கு எல்லா அணித் தலைவர்களுக்கும் செய்தி அனுப்பி, ஒவ்வொன்றாக டிக் போட்டார்.

அந்தப் பெண்ணின் அணியைக் கோர்த்திருந்த பெரிய அணி அன்று மூன்று மணிக்கே மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டது. நான் காலிச் சீட்டு எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே விடுதி மூன்றாம் மாடியில் குழாய் பிடுங்கிக்கொண்டதாகப் போன் வந்தது. சீட்டை ரிஜிஸ்டருக்கு அடியில் செருகிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் தண்ணீர். டீ குடித்தேன். சீட்டை மறந்தேன். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவர்கள் இருவரும் முன்வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார்கள். பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. எட்டரைக்குக் காவலாளி பார்த்துப் பின்வாசலுக்கு அனுப்பியிருக்கிறார். எட்டு ஐம்பது பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு மைதானம் வந்து சேர ஒன்பது முப்பத்தைந்து. ஓட்டக்காரர்களைக் கூப்பிட்டு வரிசைப்படுத்தும் கூடாரத்தை ஒன்பது இருபதுக்கே மூடிவிட்டார்கள். ஒன்பது நாற்பதுக்கு அவளுடைய தகுதிச் சுற்று அவள் இல்லாமலே ஓடி முடிந்தது.

ஒன்பது ஐம்பதுக்குச் செயலாளர் மூச்சு வாங்க எங்கள் மேசைக்கு வந்தார். "கடைசித் தகுதிச் சுற்று பத்து பத்துக்கு. அதுல ஒரு இடம் காலியா இருக்கு. தப்பு நம்ம பக்கம்னு பஸ் ஆபீஸ் எழுதிக் கொடுத்தா அந்தப் பொண்ணை அதுல ஓட விடறேன்னு நடுவர் சொல்றார். சொல்லுங்க, நம்ம தப்பா, இல்லையா?"

அக்கா தாளை எடுத்தார். டிக் இருந்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பெரிய டீம் இன்னும் ரூம்லதான் இருக்கா?"

நான் ரிஜிஸ்டரைத் தூக்கினேன். சீட்டு அங்கேயே இருந்தது, என் கையெழுத்தில், மூன்று மணி என்று போட்டு. பக்கம் புரட்டுவதுபோல் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"தெரியலக்கா, பாக்கணும்" என்றேன். செயலாளரிடம், "செய்தி அனுப்பியாச்சு சார், டிக் இருக்கு பாருங்க" என்றேன்.

"அப்ப அதையே எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அக்கா உட்காரவில்லை. "ஏதோ எனக்குச் சரியாப் படல. அந்தப் பொண்ணு லேட்டா வர்ற பொண்ணு இல்ல. தப்பு நம்மளுதுன்னே எழுதிடுவோம். என்ன ஆயிடும்?"

"என்ன ஆயிடுமா? உங்க நிரந்தர ஆர்டர் இந்த வாரம் மேல கையெழுத்துக்குப் போயிருக்கு. இப்பப் போய் நான்தான் கோட்டை விட்டேன்னு எழுதிக் குடுப்பீங்களா? எட்டு வருஷம் அக்கா. மாமாகிட்ட என்ன சொல்வீங்க?"

எவ்வளவு அக்கறையாகப் பேசினேன் என்று நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். "பேருந்து நேர மாற்றம் அணிக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது." பத்து மணி நான்கு நிமிடத்துக்கு அக்கா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பத்து பத்துக்கு மைதானத்திலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

பதினோரு மணிக்குக் கோச் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். "உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டோம். மன்னிச்சுக்கங்க" என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். மதியம் பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பெண் வழக்கம்போல் ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டினாள். கண் வீங்கியிருந்தது. அக்கா கையைத் தூக்கப் பார்த்தார், தூக்கவில்லை.

பிற்பாடு அந்தப் பெரிய அணித் தலைவரின் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்து, அவர் முதல் நாளே போய்விட்டதை அக்கா கண்டுபிடித்துவிட்டார். "சீட்டே வரலையே தம்பி" என்றார்.

"சொல்லிக்காமப் போயிட்டாங்க போலக்கா. எனக்கே தெரியாது" என்றேன்.

"உன்மேல தப்பில்ல. நான் கேட்டிருக்கணும். ரெண்டு பேர்தானே, நேர்ல ஒரு எட்டு போய்ச் சொல்லியிருக்கணும்."

இரண்டு வாரத்தில் நிரந்தர ஆர்டர் வந்தது. இனிப்பு எங்கே என்று எல்லோரும் பிடுங்கி எடுத்தார்கள். பல்வலி என்றார்.

அதன்பிறகு அவர் ஆளே மாறினார். எந்தப் போட்டியானாலும், எத்தனை பஸ் ஆனாலும், வாசலில் நின்று ஒவ்வொரு அணியின் முகத்தையும் பார்க்காமல் வண்டி நகரக் கூடாது. டிரைவர்கள் கேலி பேசுவார்கள், "பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறாங்கப்பா" என்று. பின்வாசலில் பஸ் நின்றால், கிளம்பும் முன் முன்வாசல்வரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார். முட்டி தேய்ந்த பிறகும் போனார். எண்ணூறு மீட்டர் ஓட்டம் நடக்கும்போது மட்டும் மைதானத்தில் இருக்கமாட்டார். அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு டிரைவரிடம் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும். நான் என்ன மாறினேன்? காலிச் சீட்டுக்கு ஒரு கம்பி வாங்கிக் குத்தி வைத்தேன். அதைப் பார்த்துச் செயலாளர் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளவும் செய்தேன்.

பதினோரு வருடம் கழித்து அதே போட்டி மறுபடி எங்களிடம் வந்தது. அக்காவுக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. இரண்டாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் கோச்சைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது இருபத்திரண்டு பிள்ளைகளுக்குத் தலைவர். அக்கா கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக அவரிடம் போனார். பையோடு நானும் பின்னால் போனேன்.

"அன்னைக்கு பஸ் நேரம் மாத்தினதை உங்களுக்கு யாருமே சொல்லல. நான் சொல்லல. சொன்னேன்னு பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்க பொண்ணு ஓடாமப் போனது என்னாலதான்" என்றார். ஒரே மூச்சில் சொன்னார். பதினோரு வருடமாக மனப்பாடம் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

கோச் தட்டைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நாங்க கீழ வந்தப்பறம், சட்டையில நம்பர் குத்தற ஊக்கை மறந்துட்டேன்னு அவ மாடிக்கு ஓடினா. மூணு நிமிஷம் இருக்கும். பஸ் எங்கன்னு தெரியாம நானும் தேடிட்டு இருந்தேனா... அந்த மூணு நிமிஷத்துலதான் பஸ் போயிடுச்சுன்னு நெனச்சிட்டோம். முறைப்படி சொல்லியாச்சுன்னு உங்க லெட்டரும் வந்துச்சு. எனக்கு பாஷை அரைகுறை, நான்தான் நேரத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன். ஆனா ஊர்ல போய் என்ன சொன்னேன் தெரியுமா? ஊக்கு எடுக்கப் போய் இவ லேட் பண்ணிட்டான்னு சொன்னேன். பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் முன்னால வெச்சுச் சொன்னேன். அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அதுக்கப்பறம் ஓடவும் இல்ல."

கோச் போனை எடுத்தார். அவள் இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாளாம். அவர்கள் மொழியில் வெகுநேரம் பேசினார். ஒரு இடத்தில் நிறுத்தி, போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அவ கேக்கறா... அப்ப ஊக்கு எடுக்கப் போனதால இல்லையான்னு."

"இல்லைன்னு சொல்லுங்க" என்றார் அக்கா. அது போதாதென்று போனுக்குக் கிட்டே குனிந்து, அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும், "இல்லம்மா! இல்லவே இல்ல! நீ வர்றதுக்கு முன்னாடியே பஸ் போயிடுச்சு!" என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

கோச் பேசி முடித்துவிட்டுக் கேட்டார். "இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. பஸ் என் பொறுப்பு. நான் மட்டுந்தான்."

நான் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. ஒருவர் தண்ணீர் எடுக்க வழி கேட்டார், விலகி நின்றேன்.

வெளியே வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் முழங்கையைப் பிடித்தார்.

"செயலாளர் வந்து நின்னப்ப நீ எனக்காகத்தானே பொய் சொன்னே. என் வேலை போயிடக்கூடாதுன்னுதானே. அதை நான் மறக்கல தம்பி. அதான் உன் பேரை எடுக்கல."

நான் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"ரெண்டரை மணி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். "வாங்கக்கா, முகம் பாக்கணும்ல."